வாயால் சொல்லி எழுதப் பழகுதல்

பாடத்தில் கேள்வி கேட்டால் மளமளவென்று விடை கூறும் சிறுவன், அதனையே தாளில் எழுதச் சொன்னால் நான்கு வரிக்குள் திகைத்து நின்றுவிடுவதை அங்கத்தினர் பலர் தத்தம் இல்லங்களில் கண்டிருப்பர். இத்தகைய பிள்ளையை மந்தம் என்று ஏசிப் படிப்பை நிறுத்த எண்ணுவோரும் உளர். அம்முடிவுக்கு வருமுன் இப்பாடத்தை ஒருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம்.

எழுதுதல் என்பது பல வேலைகள் சேர்ந்த ஒன்றாகும். கருத்தை நினைத்தல், வாக்கியம் அமைத்தல், எழுத்துக் கூட்டல், கையால் வரைதல் ஆகிய நான்கும் ஒரே சமயத்தில் நடைபெற வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பின்னிரண்டிலேயே கவனம் முழுதும் செலவாகிக் கருத்து நழுவிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், எழுதுவதில் நேரும் இடர்ப்பாட்டையும் கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. இஃது அறிவுக் குறைவன்று.

இவர்களுக்கு டேப்லெட் என வழங்கும் பலகைக் கணினி துணை செய்யும். அதன் விசைப்பலகையிலுள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால், பேச்சு எழுத்தாகத் திரையில் தோன்றும். கூகிள் நிறுவனம் 2017-இல் இவ்வசதியைத் தமிழுக்கும் அளித்தது. இதனைப் பயன்படுத்தும் முறை வருமாறு:

1. முதலில் சொல்லவேண்டிய கருத்துகளை மூன்று நான்கு சொற்களில் தாளில் குறித்துக்கொள்ளச் செய்க.

2. தறியோசை கேளாத இடத்தில் அமரச் செய்க. இரைச்சலில் கருவி பிழைபடக் கேட்கும்.

3. ஒவ்வொரு வாக்கியமாக, நிதானமாகச் சொல்லச் செய்க. ‘மழை’ என்பதை ‘மலை’ என்று உச்சரித்தால் கருவியும் அவ்வாறே எழுதிவிடக்கூடும்.

4. எழுதியதை உரக்கப் படித்துத் திருத்தச் செய்க. இதுவே தலையாய படியாகும்.

உதாரணமாக, “அப்பாவோட சந்தைக்குப் போனேன் வெங்காயம் வெல ஜாஸ்தியா இருந்துச்சு” என்று பிள்ளை சொல்லலாம். திரையிலும் ஏறக்குறைய அப்படியே விழும். அதனை, “அப்பாவுடன் சந்தைக்குச் சென்றேன். வெங்காயத்தின் விலை அதிகமாக இருந்தது” என்று பிள்ளையே மாற்ற வேண்டும். வாக்கியம் எங்கே முடிகிறது, பேச்சுச் சொல்லுக்கு எழுத்துச் சொல் யாது என்பவற்றை அது இங்குதான் கற்கிறது. பெற்றோர் திருத்திக் கொடுத்தால் இப்பயன் கெடும். பாவு ஓடியதோடு துணி ஆகிவிடுவதில்லை. ஊடை ஓட வேண்டும். பேச்சு பாவு எனில், திருத்தம் ஊடையாகும்.

இரண்டு எச்சரிக்கைகளும் உள. பல கருவிகளில் பேச்சொலி இணையத்தின் வழியே நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது. ஆகவே வங்கிக் கணக்கு, ஆதார் எண், வீட்டு விவரம் முதலியவற்றைக் கருவியிடம் சொல்லலாகாது. அன்றியும், பள்ளித் தேர்வு கையால் எழுதப்படுவதாதலின், திருத்திய வரிகளுள் சிலவற்றையேனும் நாள்தோறும் ஏட்டில் எழுதிப் பழக வேண்டும். இடர்ப்பாடு நீடிக்குமாயின் தலைமையாசிரியரை அணுகுக. மருத்துவச் சான்று பெற்ற மாணவர்க்குத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் துணை போன்ற சலுகைகள் உண்டு.

தனித்தனியே கருவி வாங்க இயலாதோர் நால்வர் ஐவர் கூடி ஒன்று வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். கூட்டுறவு நமக்குப் புதிதன்று. எழுத இயலாமையால் மட்டும் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோக நாம் இடங்கொடுத்தல் ஆகாது.