மூடிய பெட்டியும் திறந்த சந்தையும்

மட்டாஞ்சேரிக்கு வடக்கே, கொச்சிக் காயலின் நடுவில் உள்ள தீவு வல்லார்பாடம். பல நூற்றாண்டுகளாக மாதா ஆலயத்தால் அறியப்பட்ட இத்தீவு, இன்று வேறொரு காரணத்தாலும் அறியப்படுகிறது. 2011 பிப்ரவரி 11 அன்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் இங்கே சர்வதேச சரக்குப் பெட்டக முனையத்தைத் தொடங்கி வைத்தார். 'கன்டெய்னர்' என்று மக்கள் சொல்லும் இரும்புப் பெட்டகங்களில் சென்ற இந்தியச் சரக்கில் ஒரு பகுதி, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற அயல்நாட்டுத் துறைமுகங்களில் பெரிய கப்பல்களுக்கு மாற்றப்பட்டு வந்தது. அந்தப் பணியையும் வருவாயையும் இந்தியக் கரையிலேயே பெறுவது இம்முனையத்தின் நோக்கம்.

அதற்கேற்பச் சட்டங்களும் தளர்ந்தன. இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே பெட்டகங்களை ஏற்றிச் செல்ல அயல்நாட்டுக் கப்பல்களுக்கு இருந்த தடை, 2012-இல் வல்லார்பாடத்திற்காகத் தளர்த்தப்பட்டது. 2018-இல் ஏற்றுமதி, இறக்குமதிப் பெட்டகங்களைப் பொறுத்தவரை நாடு முழுவதற்கும் அத்தளர்வு விரிந்தது. இலங்கையுடன் 2000 மார்ச் முதலும், ஆசியான் நாடுகளுடன் 2010 ஜனவரி முதலும் தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. இவ்வாறு கதவுகளைத் திறப்பது அரசின் கடமை. திறந்த கதவின் வழியே செல்பவருக்கு எத்தகைய குணங்கள் வேண்டும் என்பது ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி.

முதற்குணம்: வாய்மை

மட்டாஞ்சேரியின் பழைய மிளகுக் கிடங்கில், வாங்குபவர் மூட்டைக்குள் கைவிட்டு மணிகளை அள்ளிப் பார்ப்பார், முகர்வார், கடித்தும் பார்ப்பார். விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நின்றார்கள். இன்றைய வணிகத்தில் பொருள் தொழிற்சாலையிலேயே பெட்டகத்திற்குள் அடைக்கப்பட்டு முத்திரையிடப்படுகிறது. அதை ஏற்றிச் செல்லும் கப்பல் நிறுவனம்கூட உள்ளே பார்ப்பதில்லை. ஆகவேதான் கப்பல் சரக்குச் சீட்டில், உள்ளே இன்ன பொருள் 'இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்றே எழுதுகிறார்கள். உலக வணிகம் முழுவதும் அந்தச் சொல்லை நம்பியே நடக்கிறது.

அந்தச் சொல் பொய்யானால் விளைவு பெரிது. பெட்டகத்தின் எடையைக் குறைத்துக் காட்டினால் கப்பலின் சமநிலையே கெடும். இதனால்தான் 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடையை அறிவிக்காத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற விதி உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் 640 பெட்டகங்களுடன் மூழ்கியது. கரையோர மக்கள் அனைவரும் கேட்ட கேள்வி, 'பெட்டிகளுக்குள் என்ன இருந்தது?' என்பதே. தொலைவில் யாரோ ஒருவர் நிரப்பும் ஒரு படிவத்தை நம்பி மீனவரின் வாழ்வும் கடலின் தூய்மையும் இருக்கின்றன என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

கொச்சி வணிகமே கண்ட பாடம் ஒன்றும் உண்டு. 2012 டிசம்பரில் கொச்சிப் பகுதிக் கிடங்குகளில் இருந்த ஆறாயிரம் டன்னுக்கும் அதிகமான மிளகு, கனிம எண்ணெய் கலந்திருப்பதாகக் கண்டறியப்பட்டு, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளால் முத்திரையிடப்பட்டது. மிளகுக்குப் பளபளப்பு ஏற்றுவதால் கிடைக்கும் ஆதாயம் அற்பம். அதனால் கெடுவதோ பல தலைமுறைகள் சேர்த்த நற்பெயர். ஒருவர் செய்த கலப்படத்திற்கு அதே கிடங்கில் சரக்கு வைத்த நேர்மையான வணிகரும் விலை கொடுக்க நேர்கிறது.

இரண்டாம் குணம்: கற்கும் மனம்

ஒப்பந்தங்களுக்குப் பின் இலங்கை மிளகும் வியட்நாம் மிளகும் கேரள விவசாயிக்குக் கடும் போட்டியாயின. விவசாயிகளின் அச்சம் நியாயமானது. அவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பது அரசின் பொறுப்பு. ஆயினும் அச்சத்தோடு நின்றுவிடாமல் வேறு வழி கண்டவர்களும் இருந்தனர். எர்ணாகுளம் மாவட்டம் கோலஞ்சேரிக்கு அருகே 1972-இல் சி.வி. ஜேக்கப் தொடங்கிய நிறுவனம், மிளகை மணியாக விற்பதற்குப் பதிலாக அதன் சாரத்தையும் எண்ணெயையும் பிரித்தெடுத்து உலகிற்கு விற்றது. இத்தகைய தொழிலில் இந்தியா இன்று முன்னணியில் நிற்கிறது. எண்ணெய்ச் சத்து மிகுந்த இலங்கை மிளகு இத்தொழிலுக்கு மூலப்பொருளாகவும் ஆகிறது. கற்கும் மனம் படைத்தவருக்குப் போட்டியாளரின் விளைச்சலும் பயன்படுகிறது.

மூன்றாம் குணம்: பிறர் வலியை உணர்தல்

ஒரு காலத்தில் மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் 'சாப்பா' என்ற முறை இருந்தது. வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகள் வீசப்படும். முண்டியடித்துப் பொறுக்கியவருக்கே அன்று கூலி. இந்த இழிவை எதிர்த்துத் தொழிலாளர் போராடியபோது, 1953 செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. சரக்கை மட்டும் மதித்து, அதைச் சுமப்பவரை மதிக்காத வணிகத்திற்கு அது ஓர் எச்சரிக்கை.

வல்லார்பாடமும் அதே சோதனையைச் சந்தித்தது. முனையத்திற்குச் சாலையும் இரயில் பாதையும் அமைப்பதற்காக ஏழு கிராமங்களைச் சேர்ந்த 316 குடும்பங்கள் தம் வீடுகளை இழந்தன. மூலம்பிள்ளியில் 2008 பிப்ரவரியில் வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று நிலமும் வேலையும் தருவதாக அடுத்த மாதமே அரசு அறிவித்தது. ஆனால் தரப்பட்ட மனைகளில் பல சதுப்பு நிலமாக இருந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலான குடும்பங்கள் அங்கே வீடு கட்டிக் குடியேற இயலவில்லை. முனையமோ திறக்கப்பட்டது. கப்பலுக்குத் தந்த வாக்கைக் காப்பவர்கள், ஏழைக்குத் தந்த வாக்கைத் தவறவிட்டால், அந்த வளர்ச்சியில் ஒரு கடன் தீராமல் நிற்கிறது.

அறத்துப்பாலில் வணிகர்

வணிகரின் கடமையைக் கூறும் புகழ்பெற்ற குறளை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் நிறைவில் வைத்தார். பொருள் ஈட்டும் தொழில் அறத்திற்குள்ளே நடக்க வேண்டியது என்பதை அந்த இடமே சொல்கிறது. வாங்கும்போது ஓர் அளவும் விற்கும்போது வேறோர் அளவும் கொள்ளாத மனமே நடுவுநிலை. அந்த மனம் படைத்தவர் அனுப்பும் பெட்டியை ஆயிரம் காதம் கடந்து திறந்தாலும், சீட்டில் எழுதியதே உள்ளே இருக்கும்.

சிந்தனைக்கு

1. எவரும் சோதிக்காத நிலையிலும் சரியாகச் செய்யப்படும் பணி, நம் அன்றாட வாழ்வில் எது?
2. போட்டி வரும்போது அச்சம் முதலில் எழுகிறதா, கற்கும் ஆவலா?
3. நாம் அனுபவிக்கும் ஒரு வசதிக்காக இடம்பெயர்ந்தவர் எவர்? அவருக்குத் தந்த வாக்கு நிறைவேறிற்றா?