தாத்தா பார்த்த சாம்பல் கிளி

கேள்வி: என் தாத்தா கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். அங்கே மலைக்காட்டில் சாம்பல் தலைக் கிளி பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். போன வாரம் எங்கள் தெருப்பக்கம் ஒருவர் அப்படியொரு கிளியைச் 'சிலோன் மலைக்கிளி' என்று விற்றார். தாத்தா நினைவாக வாங்கலாமா?
- ஒரு வாசகர், யானைக்கவுனி

பதில்: வாங்காதீர்கள். உங்கள் தாத்தா சொன்னது அநேகமாக 'அலு கிரவா'. சிங்களத்தில் சாம்பல் கிளி என்றே பொருள். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத பறவை. 1849-இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளித் இதை விவரித்தபோது, இயற்கையியலாளர் எட்கர் லெயார்டின் மனைவி பார்பரா கால்த்ரோப்பின் குடும்பப் பெயரை இதன் அறிவியல் பெயரில் சேர்த்தார்.

ஆண் கிளிக்குச் சாம்பல் நீலத் தலை, சிவந்த மேலலகு, கழுத்தைச் சுற்றி மரகதப் பச்சைப் பட்டை. பெண்ணுக்கு அலகு கறுப்பு. வால் நம் ஊர்ப் பச்சைக்கிளியின் வாலைவிடக் குட்டை. நீங்கள் பார்த்தது நீண்ட நீல வாலும் நீலச் சிறகும் கொண்டதென்றால் அது இலங்கைக் கிளியே இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலச் சிறகுக் கிளி. ஆனைமலையிலோ நீலகிரிச் சரிவிலோ பிடிபட்டிருக்கலாம். சாயம் பூசிய பச்சைக்கிளியாகவும் இருக்கக்கூடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். அலு கிரவாவுக்கு இலங்கைச் சட்டமும் பாதுகாப்புத் தருகிறது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பொந்து. அலு கிரவா கூடு பின்னுவதில்லை. உயர்ந்த மரங்களின் பொந்தில் முட்டையிடும். நாம் இன்று நடும் கன்றில் அப்படியொரு பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் பழைய மழைக்காடு போனால் இதுவும் போகிறது. 19-ஆம் நூற்றாண்டில் காப்பிக்காகக் கண்டி மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. 1869-இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழியத் தொடங்க, அந்த நிலத்தைத் தேயிலை பிடித்தது. அங்கே கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் நம்மவர்களுடையவை. லாபம் துரைமார்களுக்குப் போனது. உங்கள் தாத்தா அந்தக் கிளியை மறக்காமல் இருந்தது என்னை நெகிழ வைக்கிறது.

இலங்கையில் மிஞ்சிய காடுகளில் சிங்கராஜா முக்கியமானது. 1988-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அங்கே இன்றும் அலு கிரவாவைக் காணலாம்.

விற்றவரைப் பற்றி வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 'பாவம், காப்பாற்றுவோம்' என்று நீங்களே வாங்கினாலும், அந்தப் பணம் அடுத்த குஞ்சைப் பொந்திலிருந்து எடுக்கத்தான் போகும். தாத்தா இருந்த தோட்டத்தின் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் காடு எது என்று தேடிச் சொல்கிறேன்.