கயிற்றைப் பற்றிய கைகள்

கட்டளைகளுள் தலையாயது எது என்று நியாயப் பிரமாணத்தில் தேர்ந்த ஒருவர் இயேசுநாதரிடம் வினவினார். இதயம், ஆன்மா, மனம் ஆகியவற்றை முழுமையாக அளித்து இறைவனை நேசிப்பதே அது என்றும், தன்னைப் போலப் பிறரை நேசிப்பது அதற்கு ஒப்பானது என்றும் அவர் விடையளித்ததாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. கிறிஸ்தவ வாழ்வில் அன்பு, அறிவு, சமூகம் மூன்றும் இவ்வாறு பிணைந்துள்ளன. இவற்றுள் ஒன்று தளர்ந்தால் என்ன நேரும்?

இதனைச் சிந்திக்க உதவும் இடம் ஒன்று கொச்சியில் உள்ளது. சுள்ளிக்கல்லிலிருந்து மட்டாஞ்சேரி நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் கூனன் குரிசு தேவாலயத்தை அடையலாம். ‘குரிசு’ என்றால் சிலுவை. ‘கூனன்’ என்றால் வளைந்தது.

இதயத்தின் உறுதி

புனித தோமாவின் வழிவந்தோராகத் தம்மைக் கருதும் கேரளக் கிறிஸ்தவர்கள் தொன்றுதொட்டுச் சுரியானி மொழியில் வழிபட்டு வந்தனர். 1599-ஆம் ஆண்டு கோவாவின் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் சங்கம் ஒன்றைக் கூட்டினார். வழிபாட்டு முறை மாற்றப்பட்டது. சுரியானி நூல்கள் பல திருத்தவோ எரிக்கவோ ஆணையிடப்பட்டன. மனத்தை இசையச் செய்யாமல் ஆணையால் மட்டும் வழிபாட்டை மாற்ற முயன்றதன் விளைவு, அரை நூற்றாண்டுக்குப் பின் வெளிப்பட்டது.

1652-இல் அகத்தல்லா என்னும் கீழ்த்திசை ஆயர் மயிலாப்பூர் வந்தார். போர்ச்சுக்கீசியர் அவரைத் தடுத்துக் கோவாவுக்குக் கொண்டு சென்றனர். அவரைக் காணவும் அனுமதி கிட்டாத மக்கள் கொதித்தெழுந்தனர். 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்டு, பேராயர் கார்சியாவுக்கும் இயேசு சபைப் பாதிரிமாருக்கும் இனிக் கீழ்ப்படிவதில்லை என்று உறுதி பூண்டனர். அனைவராலும் சிலுவையைத் தொட இயலாததால், அதில் கயிறுகளைக் கட்டி அவற்றைப் பற்றி நின்றனர் என்பதும், அந்த இழுப்பில் சிலுவை வளைந்தது என்பதும் மரபுவழிச் செய்தி.

அறிவின் இடம்

எத்துணை உள்ளன்பு! எனினும், ஆயர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்று அந்நாளில் பரவிய செய்தி உண்மையன்று. அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டிருந்தார். மக்களின் வேதனை மெய். அதைத் தூண்டிய செய்தியோ பொய். சில ஆண்டுகளிலேயே ஒரே கயிற்றைப் பற்றியோரும் பிரிந்தனர். ஒரு பகுதியினர் ரோமாபுரித் திருச்சபையோடு மீண்டும் இணைந்தனர். மற்றவர் மார் தோமா முதலாமவரின் தலைமையில் நின்றனர். உணர்ச்சி ஒரு நாளில் மக்களைத் திரட்டிவிடும். அவர்களை நெடுங்காலம் சேர்த்து வைக்கப் பொறுமையான விசாரமும் வேண்டும்.

1836-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாராமண் ஆபிரகாம் மல்பான் வழிபாட்டை மலையாளத்தில் அமைத்தார். மல்பான் என்பது சுரியானி கற்பிக்கும் ஆசானின் பட்டம். அம்மொழியில் வல்லவரே, தம் மக்கள் பொருளுணர்ந்து வழிபட வேண்டும் என்று எண்ணினார். மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள அடியேனுக்கு இது பெரிய பாடம். தத்துவம் பயின்ற நாட்களில், வாதத்தில் வெல்வதே ஞானம் என்று எண்ணியதுண்டு. கற்றது பிறருக்கு வழிபாடாக மலராவிடில் அக்கல்வியால் என்ன பயன்? ஆனால் மல்பானின் சீர்திருத்தமும் பிளவைத் தோற்றுவித்தது. அறிவும் அன்பும் ஓரளவு கைகூடிய பின்னரும், கருத்து மாறுபட்டவரை நேசிக்கும் கடமை எஞ்சியே நிற்கிறது.

நமக்குரிய பயிற்சி

எந்த நெறியில் நிற்பவராயினும் நாள்தோறும் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். இன்று கூறிய பிரார்த்தனையின் பொருளைச் சிந்தித்தேனா? அதைக் கூறும்போது உள்ளம் உடனிருந்ததா? என்னோடு கருத்து வேறுபட்டவர் ஒருவருக்காகவும் வேண்டினேனா?

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.