கிணறு தரும் நன்மை நிலைக்க: கடலோரத்தில் ஆழம் பெரிதல்ல



"மர்ஹூம் அத்தா பேரில் ஒரு போர் போட்டுக் கொடுங்கள். எவ்வளவு ஆழம் போனாலும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ரமலானை ஒட்டிச் சில குடும்பங்கள் எங்களிடம் வருவதுண்டு. நல்ல நிய்யத், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் நாங்கள் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். கடலோரக் கிராமம் ஒன்றில் நாங்கள் ஆழமாகப் போட்ட போர், முதல் வருடம் நல்ல தண்ணீர் தந்தது. மூன்றாம் கோடையில் உப்புக் கரித்தது. அந்தத் தண்ணீரில் சோறுகூட வடிக்க முடியவில்லை. கொடுத்தவரின் பணமும் போனது. ஊரின் தாகமும் தீரவில்லை.

தாயார் மரணித்த பின் எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீரைச் சொன்னார்கள். அவர் ஒரு கிணறு தோண்டித் தாயாரின் பெயரில் தர்மம் செய்தார் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவின் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். இரண்டிலும் மக்கள் குடித்தார்கள், அதுதான் தர்மம். குடிக்க முடியாமல் போன கிணற்றில் ஜாரியா எங்கே?

நம் மண்ணின் கணக்கு

முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நீளும் கரையில், கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவில் ஒரு மணல் பட்டை. அதில் இறங்கும் மழைநீர்தான் நமது நன்னீர். அது உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்கள் சொல்லும் கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு 40 அடிவரை ஏறிவரும். ஆழமாகத் துளைப்பவர் உப்பைத் தேடித்தான் போகிறார்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நெம்மேலியில் 2013 முதல் சென்னைக்காக ஓடுகிறது. ஒரு ஜமாஅத்தால் அப்படி ஒன்றைக் கட்ட முடியுமா? கிணறு உப்பேறாமல் காப்பதே நம்மால் ஆவது. எனவே மணல் பகுதிக்கு ஏற்றது ஆழமில்லாத, அகலமான உறைக்கிணறு.

கால்வாய் தாண்டி திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு பக்கம் போனால் கதை வேறு. அங்கே அடியில் கடினப் பாறை. தண்ணீர் அதன் மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நிற்கும். ஏரிக்குக் கீழ்ப்புறம் வெட்டிய அகலக் கிணறு அங்கே பலன் தரும். போர்தான் வேண்டும் என்றால் மின்தடை ஆய்வு செய்யுங்கள். உள்ளங்கைத் தேங்காயை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

வெட்டுவதற்கு முன்

1. சித்திரை, வைகாசியில் பக்கத்துக் கிணறுகளின் நீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில்கூட 2000-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

2. அனுமதி வாங்குங்கள். கிராமங்களில் கிணறு தோண்டுவதற்கு 2015-ஆம் ஆண்டின் ஊராட்சி விதிகள் உண்டு. சென்னையை ஒட்டிய சில கிராமங்கள் 1987-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டத்திலும் வரும். உங்கள் ஊர் எதில் வருகிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

3. கிணற்றைச் சுற்றி இடம் விடுங்கள். ஃபிக்ஹில் இதற்கு 'ஹரீம்' என்று பெயர். ஹனஃபி நூல்கள் 40 முழம், அதாவது சுமார் 60 அடி என்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் தேவைக்கேற்ற அளவு. அந்த எல்லைக்குள் செப்டிக் டேங்க், மாட்டுத் தொழுவம், குப்பைக்குழி எதுவும் வேண்டாம்.

4. வெட்டுபவரின் உயிர் முக்கியம். மணல் சரியும், எனவே உறையை இறக்கிக்கொண்டே தோண்ட வேண்டும். மூடிக்கிடந்த பழைய கிணற்றில் விஷவாயு இருக்கலாம். யாரையும் அவசரப்படுத்தி உள்ளே இறக்காதீர்கள். இடுப்பில் கயிறும், மேலே ஆட்களும் கட்டாயம்.

வெட்டிய பின்

பெரிய மோட்டார் வேண்டாம். காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைத்துத் தொட்டியில் நிரப்புங்கள். எடுப்பதைத் திருப்பியும் கொடுங்கள்: 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிவாசல் மாடியிலிருந்து எவ்வளவு தெருவில் ஓடுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதை வடிகட்டி நிலத்தில் இறக்கினால் நன்னீரும் உயரும், உப்பும் கீழே தள்ளப்படும்.

பயனற்ற போரை அன்றே மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளையில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நாம் மறந்திருக்க மாட்டோம். உப்பேறிய எங்கள் போரை நாங்கள் மண் நிரப்பி, மேலே சிமெண்ட் போட்டு மூடிவிட்டோம்.

இனி கிணற்றுக்காக வரும் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று தனியே வைக்க முடிவு செய்துள்ளோம். கொடுக்கும் குடும்பத்தாரிடமும் ஒன்று கேட்கிறோம்: வருடம் ஒரு முறை, கோடையில், பிள்ளைகளோடு வந்து அந்தக் கிணற்றின் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். உங்களால் குடிக்க முடிந்தால்தான் ஊராராலும் முடியும்.

நம் பெற்றோர் பெயரால் செய்யும் தர்மங்களை அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.