தொட்டியில் எழுந்த சூறாவளி

கடலும் காற்றும் இடையறாது கொடுக்கல் வாங்கல் நடத்தும் இரு வணிகரை ஒப்பன. கதிரவனால் வெம்மையுற்ற கடல், வெப்பத்தையும் நீராவியையும் காற்றுக்கு ஈகின்றது. காற்றோ தன் விசையைக் கடலுக்கு அளித்து அலைகளை எழுப்புகின்றது. சூறாவளிக்கு உணவாவது கடலின் வெப்பம். அதன் விரைவைக் குறைக்கும் தளையும் அக்கடற்பரப்பின் உராய்வே ஆகும்.

புயல் செல்லும் வழியை முன்னறிதலினும், அது கரையேறுங்கால் எத்துணை வலிமையுடன் இருக்கும் என்று அறிதல் அரிது. கடற்கரை ஊரார் தம் இல்லத்திலேயே இருப்பதா, அகன்று செல்வதா என்பது இதனையே பொறுத்தது. காற்றின் விரைவு மிகுந்தோறும் அலைகளால் கடற்பரப்புக் கரடுமுரடாகி, அதன் பிடிப்பும் மிகும் என்பது மிதமான காற்றில் அளந்து கண்ட உண்மை. இக்கணக்கைக் கடும்புயலுக்கும் நீட்டியபோது, அத்தகைய புயல்கள் நிலைத்திருத்தலே இயலாது என்னும் முடிவு கிடைத்தது. ஆனால் 1992ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆண்ட்ரு என்னும் புயல், அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத் தென்பகுதியைச் சூறையாடிற்று. (சூறை என்னும் சொல் சுழல்காற்றையும் குறிக்கும், கொள்ளையையும் குறிக்கும். பொருத்தமான பெயரே!) பிழை கணக்கில்தான் இருந்தது. எனினும், அச்சீற்றத்தின் நடுவே கலத்தைச் செலுத்தி, நீரை ஒட்டி வீசும் காற்றை அளப்பவர் யார்?

ஆதலின் அறிஞர்கள் புயலைத் தம் ஆராய்ச்சிக் கூடத்திற்கே வருவித்தனர். மயாமிப் பல்கலைக்கழகத்தில் 15 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே நிகழ்வதைக் காணுமாறு அதன் சுவர்கள் தெளிந்த பொருளால் ஆனவை. அதில் நீரை நிரப்பி, மேலே கடுங்காற்றைச் செலுத்தி, மார்க் டொனலன் என்பாரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து, தாம் கண்டதை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடலின்மேல் நொடிக்கு 33 மீட்டர் விரைவில் வீசும் காற்றுக்கு ஒப்பான நிலை வரும்வரை நீர்ப்பரப்பின் கரடுமுரடு மிகுந்து சென்றது. அதற்குமேல் காற்று எவ்வளவு வலுத்தும் அக்கரடுமுரடு மிகவில்லை.

காரணம் வியப்பானது. விரைந்து ஓடுபவன் சிறு பள்ளங்களில் கால் வையாது மேட்டுக்கு மேடு தாவிச் செல்வான் அல்லனோ? கடுங்காற்றும் அங்ஙனமே அலையின் பள்ளத்துள் இறங்காது முகட்டுக்கு முகடு தாவிச் சென்றுவிடுகின்றது. விமானங்களிலிருந்து புயலினுள் வீழ்த்திய கருவிகளைக் கொண்டு 2003ஆம் ஆண்டில் வேறு அறிஞர்கள் கண்ட முடிவும் இதனோடு ஒத்திருந்தது.

ஆயினும் குறுந்தொட்டி பெருங்கடல் ஆகாது. நெடுந்தொலைவு ஓடி வளரும் பேரலைக்கு அங்கே இடமில்லை. பின்னாளில் அப்பல்கலைக்கழகத்திலேயே 23 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட பெருந்தொட்டி அமைக்கப்பெற்றது. கடுஞ்சூறாவளியின் காற்றை அதனுள் எழுப்பலாம். அங்குச் சிதறும் நீர்த்திவலைகள் காற்றுக்கு எவ்வளவு வெப்பம் ஈகின்றன என்பதனை அறிஞர்கள் ஆராயலாயினர்.