பக்கவாதத்தின் கடுமையை எவ்வாறு அளவிடுகிறோம்?

பக்கவாத நோயாளியை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்ததும், "இது எந்த மாதம்? உங்கள் வயது என்ன?" என்று மருத்துவர் கேட்பார். உயிர் ஊசலாடும் வேளையில் இக்கேள்விகள் எதற்கு என்று உறவினர் சிலர் சினப்பதுண்டு. இவை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் பெயரால் வழங்கும் பக்கவாத அளவுகோலின் (என்.ஐ.எச்.எஸ்.எஸ்.) பகுதிகளாகும். நினைவு, பார்வை, முக அசைவு, கைகால் வலிமை, தொடுவுணர்ச்சி, பேச்சு ஆகியவற்றைச் சோதித்து 0 முதல் 42 வரை மதிப்பெண் இடுகிறோம். பள்ளித் தேர்வைப் போலன்றி, இங்கு எண் கூடினால் பாதிப்பு மிகுதி. 4 வரை இலேசானது. 20-ஐத் தாண்டினால் மிகக் கடுமையானது. படுத்திருப்பவர் உயர்த்திய கையை 10 விநாடி தாங்கினால் 0. கை அசையவே இல்லையெனில் 4.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் மொழி ஒரு தனிச் சிக்கல். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றோடு, ஆலைத் தொழிலாளரிடையே இந்தியும் ஒடியாவும் வழங்குகின்றன. தெலுங்கு மட்டுமே அறிந்த மூதாட்டி தமிழ்க் கேள்விக்கு விடை கூறாவிட்டால், அது மூளையின் பாதிப்பா, மொழி புரியாமையா? ஆகவே வீட்டில் பேசும் மொழி, எழுத்தறிவு, காது கேளாமை, முன்பே இருந்த கைகால் பலவீனம் ஆகியவற்றை முதலிலேயே கூறுங்கள். கேள்வியை மொழிபெயர்த்து உதவலாம், விடையைச் சொல்லிக்கொடுக்கலாகாது. நோயாளி தாமாகக் கூறும் முதல் விடையே கணக்கில் கொள்ளப்படும். அன்பினால் காதில் ஓதும் விடை மதிப்பெண்ணைப் பொய்யாக்கிவிடும்.

மற்றொன்று நேரம். இரத்தக் கசிவு இல்லையென்று சி.டி. ஸ்கேன் காட்டிய பின்னர், உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். இரவுப் பணி முடித்துக் காலை 7 மணிக்கு உறங்கியவர் நண்பகலில் கை விழுந்து எழுந்தால், கணக்கு 7 மணியிலிருந்தே தொடங்கும். அவரை நலமாகக் கடைசியாகக் கண்டவர், அறைத் தோழராயினும், உடன் வருதல் நன்று. தாமதமாகிவிட்டதென்று வராமல் இருந்துவிடாதீர்கள். தகுதியுடைய சிலருக்கு 24 மணி நேரம் வரை குழாய் செலுத்தி உறைகட்டியை அகற்ற இயலும்.

இவ்வளவுகோலுக்கும் குறையுண்டு. தலைச்சுற்றலையும் நடைத் தள்ளாட்டத்தையும் இது கணக்கிடுவதில்லை. எண் குறைவாயினும், பேச்சிழந்தவருக்கு அது சிறு பாதிப்பன்று. அதனால் எண்ணை மட்டும் வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை.

சேர்த்த பின்னரும் இரவில் எழுப்பி மீண்டும் சோதிப்போம். எண் 4 அளவுக்கு உயர்ந்தால் நிலை மோசமடைகிறது என்று பொருள். உடனே மறு ஸ்கேன் தேவைப்படலாம். பேச்சு குழறினாலோ, உறக்கம் வழக்கத்துக்கு மாறாக ஆழ்ந்தாலோ, அடுத்த சோதனை வரை காத்திராமல் செவிலியரை அழையுங்கள்.