இந்த மரவண்டி எங்கே பிறந்தது?

சாலைக் கடைத்தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் நீண்டு போகும் தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய சந்தை. தோவாளைப் பூ இன்றும் இங்கே வந்து இறங்குகிறது. தமிழ் பேசும் வியாபாரிகள் பல தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தெருவில் ஒரு பழைய கிட்டங்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை இடிக்கப் போகிறார்கள். சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கார் நிற்கிறது. முன்பக்கம் தகரம். கதவு, பக்கம், பின்பக்கம் எல்லாம் மரம். கடைக்கார அண்ணாச்சியின் தாத்தா வாங்கிய வண்டி அது.

பழைய இரும்பு வியாபாரி வந்து பார்க்கிறார்.

"அண்ணாச்சி, இரும்பை எடைக்குப் போடுங்க. மரத்தை விறகுக்குக் கொடுத்திரலாம்."

அடுத்து ஒரு தரகர் வருகிறார்.

"இது ராஜா வண்டி அண்ணாச்சி. லண்டன்ல செஞ்சது. எங்கிட்ட விடுங்க, லட்சக்கணக்குல வித்துத் தாறேன். முதல்ல செலவுக்கு மட்டும் பணம் கொடுங்க."

யார் சொல்வதை நம்புவது? வண்டியையே கேட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்குப் பிறந்த ஊர் இரண்டு இருக்கலாம். நாமக்கல், கரூர் பக்கம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினும் சக்கரமும் சேர்ந்த சேஸ் ஓர் ஊரில் செய்யப்படும். அதன் மேல் பாடி வேறோர் ஊரில் கட்டப்படும். அந்தக் காலத்தில் கார்களிலும் இது நடந்தது. தகரத்தை அழுத்தி வளைக்கப் பெரிய எந்திரம் வேண்டும். மரத்தில் செய்ய நல்ல தச்சர் போதும்.

திருவனந்தபுரத்திலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு. 1938 பிப்ரவரி 20 அன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்துத் துறையிலிருந்து வந்த சால்ட்டர் என்பவர் அதற்குப் பொறுப்பாளர். முதல் பஸ்ஸை அவரே ஓட்டினார். மகாராஜா அதில் பயணம் செய்தார். 60 சேஸ்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஆனால், பாடி கட்டியவர்கள் நம் ஊர்த் தொழிலாளர்கள். அந்த பஸ் இங்கிலாந்து வண்டியா, திருவிதாங்கூர் வண்டியா? இரண்டும்தான்.

இனி கிட்டங்கிக்குள் போவோம். அண்ணாச்சி ஒரு மெக்கானிக்கையும் மூத்தாசாரியையும் கூட்டி வருகிறார்.

மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுப் பார்க்கிறார். பழைய இங்கிலாந்து நட்டும் பழைய அமெரிக்க நட்டும் ஒன்றல்ல. விட்வொர்த் என்ற இங்கிலாந்து முறையில் மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க முறையில் 60 டிகிரி. ஸ்பேனர் அளவும் வேறு. இந்த வண்டிக்கு அமெரிக்க ஸ்பேனர் சரியாகப் பொருந்துகிறது. லண்டன் கதை இங்கேயே ஆட்டம் காண்கிறது.

பிறகு எஞ்சினின் இடது பக்கத்தைத் துடைக்கிறார். அங்கே எண் தெரிகிறது. எண்ணுக்கு முன்னால் 'சி', 'ஏ' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு 'ஏ' மாடல் கார் ஒன்று உண்டு. அமெரிக்காவில் செய்த எஞ்சினில் 'ஏ' மட்டும் இருக்கும். 'சி ஏ' என்றால் கனடா. இந்தியாவுக்கு ஃபோர்டு கார்களை அனுப்பியது கனடா கம்பெனிதான். அதே எண் சேஸின் இடது சட்டத்திலும் இருக்க வேண்டும். அதைப் பாடி மறைத்திருக்கும். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு எண்ணும் வேறு வேறு என்றால், எஞ்சினை யாரோ மாற்றியிருக்கலாம்.

"பாடியும் கனடாதானா?" என்று அண்ணாச்சி கேட்கிறார்.

மூத்தாசாரி பதில் சொல்லவில்லை. இருக்கைக்கு அடியில், வார்னிஷ் படாத இடத்தில் லேசாகச் சீவுகிறார். முகர்ந்தும் பார்க்கிறார்.

ஃபோர்டு கம்பெனி 1929-இல் மரப் பாடி கார்களை விற்கத் தொடங்கியது. அவற்றுக்கு மேப்பிள், பிர்ச் போன்ற குளிர்நாட்டு மரங்களைப் பயன்படுத்தியது. இங்கிலாந்தில் 1953 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனர் டிராவலர் காரில் ஆஷ் மரச் சட்டம். இவையெல்லாம் வெளிறிய மரங்கள்.

"இது அயினி அண்ணாச்சி. கதவுச் சட்டம் மட்டும் தேக்கு."

தேக்கு மட்டும் என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. தேக்கு கப்பலேறி உலகம் முழுவதும் போன மரம். அயினி நம் பக்கத்து மரம். வள்ளத்துக்கும் வீட்டுக்கும் நம்மவர்கள் எடுப்பது. ஆகவே இந்தப் பாடியை இந்தப் பக்கத்தில் கட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

எப்போது கட்டியது? திருகாணிகளைப் பார்க்க வேண்டும். தலையில் ஒரே கோடு என்றால் பழையதாக இருக்கலாம். கூட்டல் குறி போல் பள்ளம் இருந்தால், அது 1936-க்குப் பிந்திய வேலை. அந்த ஆண்டுதான் அமெரிக்காவின் காடிலாக் காரில் அத்தகைய திருகாணி முதன்முதலாக வந்தது. இங்கே எல்லாம் ஒற்றைக் கோடு. பின்கதவில் மட்டும் நான்கு கூட்டல் குறி. அந்தக் கதவைப் பின்னால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்.

இரும்பு வியாபாரி சொன்னதுபோல் இது வெறும் விறகு அல்ல. தரகர் சொன்னதுபோல் லண்டன் வண்டியும் அல்ல. ராஜா வண்டி என்றால் எழுத்தில் சான்று வேண்டும். அதைக் காட்டாத தரகருக்கு முன்பணம் எதற்கு?

50 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளைப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் தனி விதி கொண்டுவந்தது. வண்டியின் அமைப்பைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். தினமும் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. இந்தியாவில் முன்பே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பார்கள்.

அண்ணாச்சி இப்போது தாத்தாவின் தகரப் பெட்டியைத் தேடுகிறார்.

செய்து பாருங்கள்: சாலையில் நின்று பத்து வண்டிகளின் எண்ணை எழுதுங்கள். 'கே.எல். 01' என்றால் திருவனந்தபுரம். 'டி.என். 74' என்றால் நாகர்கோவில். அது வண்டி பதிவான ஊர்தான். எந்த வண்டி எங்கே செய்யப்பட்டது? தெரிந்தால் பக்கத்தில் எழுதுங்கள்.